மஞ்சள் குடைக்காரியின் விசாரிப்பு

பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு யாகப்பு கதிரையை விட்டு எழுந்தார்.

"இன்னொருக்காச் சொல்லு."

சலூன் நிக்கொலஸ் சவரக் கத்தியை உயரத் தூக்கிப் பிடித்தபடி சுவரோடு ஒதுங்கினான். ஆள் கோபத்தோடு எழும்பும்போது கத்தி எங்கே இருக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும்.

"ஒரு பொம்பிள வந்து விசாரிச்சிட்டுப் போறா ஐயா. மஞ்சள் குடை. சிலாபத்துப் பக்கத்துப் பேச்சு. 'யாகப்பு ஐயா வீட்டில ஒரு நல்ல காரியம் கதைக்கலாமெண்டு இருக்கிறம், எப்பிடி?' எண்டு கேட்டா."

"சலூனுக்குள்ள வந்து?"

"வாசல்ல நிண்டுதான் கேட்டா."

"என்ட பேத்திட பேரைச் சலூன் வாசல்ல வச்சுக் கதைச்சிருக்கிறா!"

"பேத்திட பேர் வரல்ல ஐயா. உங்களைப் பத்தித்தான் கேட்டா."

கண்டக்குழியில் யாகப்புவைப் பற்றி ஒருவர் இன்னொருவரிடம் கேட்டறிய வேண்டிய நிலை இதுவரை வந்ததில்லை. மீனவர் சங்கத்தின் தலைவராக இருந்தவர். ஊர்த் தேவாலயத்தின் சந்தியோகுமையோர் திருநாளில் கொடியைத் தூக்கி வரும் உரிமை அவருடைய குடும்பத்துக்கு உரியது. அவருடைய தந்தை தூக்கினார், தந்தையின் தந்தை தூக்கினார். மனைவி பவுலினா கண்ணை மூடிப் பல வருடங்கள். மகன் ஜோர்ஜும் மருமகளும் இத்தாலியில். பேத்தி சுஜாந்தியைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தவர் யாகப்புதான்.

ஒரு பெண்ணைக் கேட்டு வருகிறவர்கள் அவளை வளர்த்தவர் எப்படிப்பட்டவர் என்று அறிய விரும்புவதில் தவறில்லை. ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. படலையைத் திறந்து முற்றத்தில் வந்து நின்று, ஐயா, ஒரு விசயமாக வந்தோம் என்று சொல்வது அந்த முறை. சலூன் வாசலில் மஞ்சள் குடையோடு நிற்பது எந்த முறையிலும் சேராது.

"என்ன கேட்டா?"

"கோபக்காரரோ எண்டு கேட்டா."

"நீ என்ன சொன்னாய்?"

"சே, அப்பிடி இல்லை, சத்தம்தான் கொஞ்சம் கூடுதல் எண்டு சொன்னன்."

"ஆருக்கடா சத்தம் கூட!"

வெளியே நிழலில் படுத்திருந்த நாய் எழும்பி அடுத்த கடை வாசலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

"குடிப்பாரோ எண்டு கேட்டா. திருநாளுக்கு ஒருக்கா எண்டன். சீனி வருத்தம் இருக்கோ எண்டு கேட்டா. இல்லை, ஆள் கல்லு மாதிரி எண்டன். பிறகு..."

"பிறகு?"

"குறட்டை விடுவாரோ எண்டு கேட்டா ஐயா."

யாகப்பு கன்னத்து நுரையைப் புறங்கையால் வழித்தார்.

"என்ட குறட்டை அவங்களுக்கு எதுக்கு?"

நிக்கொலஸ் யோசித்தான். "வீட்டோட வரப்போற மாப்பிள்ளைப் பொடியனுக்கு நித்திரை முக்கியம்தானே ஐயா."

யாகப்பு கழுத்திலிருந்த துணியை உருவிக் கதிரையில் எறிந்தார்.

"ஐயா, மற்றப் பக்கம்..."

"மற்றப் பக்கம் கிடக்கட்டும்!"

பாதி மழித்த முகத்தோடு அவர் பிரதான வீதியால் வீட்டுக்கு நடந்தார். அவரைப் பற்றி விசாரிக்க இதுவரை நினைத்திராதவர்களும் அன்றைக்கு ஒருவரையொருவர் விசாரித்தார்கள்.

சுஜாந்தி பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். பகலில் வீட்டுக்கு வந்தவள் தாத்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையை மேசையில் வைத்தாள்.

"என்ன தாத்தா, ஒரு பக்கம் மட்டும் வயசு போயிருக்கு?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். குறட்டை வந்த இடத்தில் சுஜாந்தி அவசரமாகக் குசினிக்குள் போனாள். உள்ளே நெடுநேரம் இருமல் கேட்டது.

"கேக்கிறவங்க கேக்கட்டும் தாத்தா. விடுங்க," என்றாள் திரும்பி வந்து. கண் கலங்கியிருந்தது. "நல்ல ஆக்களெண்டா நல்லதுதான் கேப்பாங்க."

"குறட்டை நல்லதோ?"

"வேற என்ன கேட்டாங்களாம்?"

"உனக்கு அது எதுக்கு? வளந்த பிள்ளை இதெல்லாம் காதில போடக் கூடாது."

அதட்டினாரே தவிர அவர் மனதில் வேறொன்று முள்ளாக ஏறியிருந்தது. சுஜாந்திக்கு முன்பு இரண்டு சம்பந்தங்கள் வந்தன. இரண்டும் நின்றுபோயின. தனக்குத்தான் பிடிக்கவில்லை என்று இரண்டு முறையும் அவள் சொன்னாள். அவரும் நம்பினார். இப்போது யோசித்தால் விடயம் வேறு மாதிரித் தெரிந்தது. அவர்களும் இப்படித்தான் சலூன் சலூனாக விசாரித்திருப்பார்கள். பெண் தங்கம், கிழவர்தான் சரியில்லை என்று யாரோ சொல்லியிருப்பார்கள். தாத்தாவின் மனம் நோகக்கூடாது என்று பிள்ளை பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

இந்த வீட்டுப் பெண்ணுக்கு இந்த வீட்டுப் பெரியவரால் கலியாணம் தடைப்படுகிறது என்று ஊர் சொல்லுமானால், அதற்குப் பிறகு கொடி தூக்கி என்ன, தூக்காமல் என்ன?

மறுநாள் காலையில் மீதி முகத்தையும் தானே மழித்துக்கொண்டு யாகப்பு புத்தளம் பஸ் ஏறினார்.

தில்லையடியில் ஒரு தையல்கடைக்கு அடுத்த அறையில் "ஜுனைதா விசாரணை நிலையம்" இருந்தது. "இரகசியம் பாதுகாக்கப்படும்" என்ற வரி வீதியின் அந்தப் பக்கம் நின்றாலே வாசிக்கக்கூடிய அளவு பெரிதாகப் பெயர்ப்பலகையில் எழுதப்பட்டிருந்தது. வாசலில் ஒரு கழுதை நிழலுக்கு நின்றது. யாகப்பு அதைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது. சங்கத் தலைவராக இருந்த ஒருவர் ஒரு கழுதை வழி விடும்வரை வீதியில் காத்து நின்றதும் இந்த மஞ்சள் குடைக்காரியால்தான்.

"அத ஒண்டும் செய்யாதீங்க ஐயா, அதாப் போகும்," என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "இந்தப் பக்கத்தால வாங்க. இருங்க. பிளேன்டி ஒண்டு குடிச்சிட்டுக் கதைப்பம்."

ஜுனைதா சிறுமியாக இருந்தபோது உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். வந்த நாட்களில் எந்த முகாமில் எந்தச் சொந்தம் இருக்கிறது என்று சனங்கள் ஒருவரையொருவர் தேடினார்கள். தேடிச் சொல்வதில் அந்தச் சிறுமி கெட்டிக்காரியாக இருந்தாள். பிற்காலத்தில் அதுவே தொழிலாகிவிட்டது. காணாமல் போன ஆடு, வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளூரில் இருக்கும் கணவன், கலியாணத்துக்கு முன் மாப்பிள்ளையின் குணம் எல்லாவற்றையும் விசாரிப்பார். யாரையும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. போய் உட்கார்ந்து, வீட்டுக்காரியின் கறியைப் புகழ்வார். மிச்சத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

"என்னை விசாரிக்கிறவளை நீ விசாரிக்க வேணும் தங்கச்சி," என்றார் யாகப்பு.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஜுனைதா கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஐயா, கோவிக்காதீங்க. ஆரோ கலியாணத்துக்கு விசாரிக்கிறாங்க. அது வழமைதானே. கொஞ்சம் பொறுத்தா அவங்களே வீட்டுக்கு வருவாங்க. நான் போய்த் தோண்டினா கதை பெருக்கும்."

"கதை பெருக்கட்டும். உண்மை தெரிய வேணும். ஆர் அந்தச் சனம், எந்த வீடு, பொடியன் என்ன செய்யிறான், என்ட குறட்டையில அவனுக்கு என்ன அக்கறை?"

ஜுனைதா அவரை ஒரு தரம் கூர்ந்து பார்த்தார். பிறகு, "சரி, இன்ஷா அல்லாஹ் வாறன்," என்றார்.

கதை பெருக்கும் என்று ஜுனைதா சொன்னது அப்படியே நடந்தது. அவர் கண்டக்குழிக்கு வந்து போன மறுநாள், யாகப்புவைப் பற்றி ஒரு பெண் அல்ல, இரண்டு பெண்கள் விசாரிக்கிறார்கள் என்று ஊர் பேசியது. முதலாமவள் குடும்பத்தை விசாரித்தாள். இரண்டாமவள் முதலாமவளை விசாரித்தாள். இப்படி ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தி வருவதென்றால் அது அரசாங்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று கள்ளுத் தவறணையில் தீர்மானித்தார்கள். பொழுது சாய்வதற்குள் அது "சீஐடி" ஆகிவிட்டது.

கோயில் சபையிலிருந்து மனுவேல் வந்தார். வழக்கமாக முன் விறாந்தையில் சத்தமாகப் பேசுகிற மனுசன், அன்றைக்குக் குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா, சபையில சின்னதா ஒரு கதை வந்தது."

"என்ன கதை?"

"நீங்க ஒண்டும் செய்திருக்க மாட்டீங்க. அது எங்களுக்குத் தெரியும்."

"நான் என்னத்தைச் செய்யல்ல?"

"அதுதான் ஐயா எங்களுக்கும் விளங்கல்ல. ஆனா சீஐடி வந்து போன வீடு. இந்த வருசம் கொடியை வேற ஆரும் தூக்கினா, உங்களுக்கும் ஓய்வு..."

"எனக்கு ஓய்வோ!"

அந்தச் சத்தத்தில் மனுவேல் சொல்ல வந்த மிச்சத்தை விழுங்கிக்கொண்டார். படலையைச் சாத்தாமலே போனார். மூன்று தலைமுறை தூக்கிய கொடியை எடுத்து இன்னொருவன் கையில் கொடுப்பதை ஓய்வு என்று சொல்லும் காலமும் வந்துவிட்டது.

யாகப்பு அன்று முழுவதும் யோசித்தார். முடிவில் ஒன்று விளங்கியது. எல்லாத் தொல்லைக்கும் வேர், நிக்கொலஸ் சொன்ன அந்த ஒரு பதில். சத்தம் கூட. அதைத் திருத்தினால் மற்றதெல்லாம் தானாகத் திருந்தும்.

அவர் நேரே சலூனுக்குப் போனார்.

"அந்தப் பொம்பிள திருப்பி வந்தா என்ன சொல்ல வேணும் தெரியுமோ? யாகப்பு ஐயா பஞ்சு போல மனுசன். அதிர்ந்து ஒரு சொல் கதைக்க மாட்டார். எங்க, சொல்லு!"

"யாகப்பு ஐயா பஞ்சு போல..."

"விளங்கச் சொல்லடா!"

"பஞ்சு போல மனுசன்!"

"அன்பாச் சொல்லு! அடிச்சுச் சொல்ல வச்ச மாதிரிச் சொல்லாத!"

மீன்கடைக்காரிக்கும் அதையே சொல்லிக் கொடுத்தார். ஐஸ் போடுகிறவனுக்கும், தவறணை வாசலில் கடலை விற்கிற மனுசிக்கும் சொல்லிக் கொடுத்தார். தவறணைக்குள் அவர் கால் வைக்கவில்லை. வெளியே நின்று உள்ளே இருந்தவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார்.

மஞ்சள் குடைக்காரி அந்த வாரமே மறுபடியும் வந்தாள். சலூன் வாசலில், "யாகப்பு ஐயா பஞ்சு போல மனுசன், அதிர்ந்து ஒரு சொல் கதைக்க மாட்டார்" என்ற பதில் அவளுக்குக் கிடைத்தது. ஐஸ்காரனிடமிருந்தும் அதே சொற்களே வந்தன. கடலைக்காரி ஒரே மூச்சில் ஒப்புவித்துவிட்டு, "சரியாச் சொல்லிட்டனோ? பிழையெண்டா ஏசுவார்," என்றும் சேர்த்துச் சொன்னாள்.

இந்தச் செய்தி யாகப்புவுக்கு எட்டியபோது குடைக்காரி மீன்கடையில் நிற்பதாகவும் சொன்னார்கள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். வழி நெடுக மனதுக்குள் சொல்லிக்கொண்டு போனார். மெதுவாகக் கதைக்க வேண்டும். சிரிக்க வேண்டும். தங்கச்சி, வீட்டுக்கு வாங்க, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க என்று சொல்ல வேண்டும்.

அவள் முதுகைக் காட்டியபடி நின்றிருந்தாள். நடுத்தர வயது, நேர்த்தியான உடை. மீன்கடைக்காரியிடம் எதையோ தணிந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தாள். யாகப்பு கிட்டப் போகும்போது அந்தக் கேள்வியின் கடைசிப் பகுதி அவர் காதில் விழுந்தது.

"...பல்லெல்லாம் சொந்தப் பல்லுத்தானோ?"

அவர் வழி நெடுகச் சேர்த்து வைத்திருந்த மென்மையெல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது.

"சொந்தப் பல்லுத்தான்!"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "அனே, ஐயா..."

"பாக்கிறியோ? பார்! ஒவ்வொண்டாப் பார்! பொம்பிளப் பிள்ளை கேட்டு வந்தவங்க கிழவன்ட பல்லை எண்ணுறதை எங்கயாச்சும் கண்டிருக்கிறீங்களோ? நான் கோபக்காரனெண்டு ஆர் சொன்னது? நான் பஞ்சு! கேட்டியோ, பஞ்சு!"

அவள் பின்னால் போனாள். மீன்கூடை சரிந்தது. சூடை மீன்கள் வீதியில் பரவின. "நில்லுங்க, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க!" என்று, வழியில் நினைத்து வந்ததை அப்போதுதான் நினைவுக்குக் கொண்டுவந்து கத்திய யாகப்பு, அவளை நிறுத்துவதற்காகக் குடையின் நுனியைப் பிடித்தார். அவள் குடையை அவரிடமே விட்டுவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

மஞ்சள் குடையைக் கையில் பிடித்தபடி, கால் முழுக்க மீன் செதிலோடு அவர் வீதியில் நின்றார். சீஐடிக்காரியின் குடையை யாகப்பு ஐயா பறித்துவிட்டார் என்ற செய்தி அவருக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டது.

சுஜாந்தி வாசலில் நின்றாள். குடையைக் கண்டதும் தலையில் கையை வைத்தாள்.

"ஐயோ தாத்தா! கெடுத்துட்டீங்களே! எவ்வளவு பாடுபட்டு..."

"என்ன பாடுபட்டு?"

"ஒண்டுமில்லை."

"சொல்லு."

"ஒண்டுமில்லை தாத்தா. அவங்க பயந்திருப்பாங்க. இனி வர மாட்டாங்க." சொல்லிவிட்டு உள்ளே போய்க் கட்டிலில் குப்புற விழுந்தாள்.

யாகப்பு விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்தார். அவருக்கு இப்போது எல்லாம் விளங்கியது. பிள்ளைக்கு அந்தப் பொடியனைப் பிடித்திருக்கிறது. இரண்டு சம்பந்தம் நின்றபோது கண் கலங்காதவள், இந்தச் சம்பந்தத்துக்காகக் கட்டிலில் விழுந்து கிடக்கிறாள். அதைத் தாத்தாவே மீன்கடையில் வைத்துக் கெடுத்துவிட்டார்.

அவருக்குக் கோபம் வந்தது. சிலாபத்துக்காரர்கள்மீது, நிக்கொலஸ்மீது, மனுவேல்மீது எல்லாம் வந்தது. எல்லாரையும் சுற்றி வந்த கோபம் கடைசியில் தன்னிடமே வந்து நின்றபோது அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பழக்கமில்லாத கோபம் அது. இரவுச் சாப்பாட்டுக்கு அவர் மேசைக்கு வரவில்லை.

ஜுனைதா மறுநாள் வந்தார். வந்தவுடன் முதலில் மஞ்சள் குடையைப் பார்த்தார். அது அலுமாரிக்குப் பக்கத்தில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேள்விப்பட்டிருந்தார்.

"வீட்டைக் கண்டுபிடிச்சிட்டன் ஐயா. சிலாபம், வாவிப் பக்கம். நல்ல குடும்பம். வீட்டுக்காரி யூஜீனியா, ஆஸ்பத்திரியில தாதியா இருந்து ஓய்வு எடுத்தவ. புருசன் மௌத்தாகி நாளாச்சு. இந்தக் குடையோட வந்தது மூத்த மகள் சுதர்சினி. இளைய மகளும் உங்கட பேத்தியும் பாலர் பாடசாலைப் பயிற்சியில ஒண்டாப் படிச்சவங்க."

"ஆ! அப்ப அந்த வீட்டுக்குப் போய் வரேக்குள்ளதான் பொடியனைக் கண்டிருக்கிறாள்!"

"ஐயா, ஒரு விசயம். ஒரு பொம்பிளப் பிள்ளய விசாரிக்கிறண்டா நான் எங்க போவன்? கோயில் பாட்டுக்காரப் பிள்ளைகள்ட்ட கேப்பன். படிப்பிக்கிற இடத்தில கேப்பன். இந்தப் பொம்பிள அங்க ஒரு இடத்துக்கும் போகல்ல. சலூன், மீன்கடை, ஐஸ்காரன், தவறணை வாசல்..."

"அதைத்தானே நானும் தொடக்கத்தில இருந்து சொல்றன்! முறை தெரியாத சனம்!"

"இல்ல ஐயா, நான் சொல்ல வாறது..."

"சொல்ல ஒண்டுமில்லை தங்கச்சி. அவங்க முறை தெரியாதவங்களா இருக்கட்டும். என்ட பிள்ளை அந்தப் பொடியனை விரும்புறாள். இடையில நிக்கிறது நான்தான். என்னைக் கூட்டிக்கொண்டு போ. குடையையும் குடுக்க வேணும்."

ஜுனைதா வாயைத் திறந்தார். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு மூடினார்.

"பேத்திட்ட ஒரு சொல் சொல்லிட்டுப் போவமா?"

"வேணாம். அவளுக்குத் தெரியவே கூடாது."

யாகப்பு திருநாளுக்கு உடுக்கும் வெள்ளைச் சாரத்தையும் வெள்ளைச் சட்டையையும் எடுத்து உடுத்தார். பவுலினாவின் படத்துக்கு முன் சற்று நின்றார். பிறகு மஞ்சள் குடையைக் கமக்கட்டில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். பஸ் பாலாவியைத் தாண்டும்போது ஜுனைதா, "ஐயா, அங்க போய்ச் சத்தம் போட மாட்டீங்கதானே?" என்று கேட்டார்.

"நான் எப்ப சத்தம் போட்டனான்?" என்று யாகப்பு கேட்டதில் முன் இருக்கையில் தூங்கிய குழந்தை எழும்பி அழுதது.

சிலாபத்து வீடு சிறியது, சுத்தமானது. முற்றத்தில் செவ்வரத்தை பூத்திருந்தது. யூஜீனியா வெளியே வந்தார். நிமிர்ந்த நடை, அள்ளி முடிந்த நரைத்த தலை, முகத்தில் ஒரு நிதானம். யாகப்புவைக் கண்டதும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். கதவுக்குப் பின்னால் சுதர்சினியின் அரை முகம் தெரிந்தது. குடையைக் கண்டதும் அதுவும் மறைந்தது.

"வாங்க. இருங்க," என்றார் யூஜீனியா. "தேத்தண்ணி..."

"தேத்தண்ணி பிறகு. முதல்ல நான் கதைக்க வேணும்."

யாகப்பு உட்காரவில்லை. சங்கக் கூட்டத்தில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்றார். குடையை மேசையில் வைத்தார்.

"நீங்க என்னைப் பத்தி விசாரிச்சீங்க. சலூனில கேக்காம என்னட்டையே கேட்டிருக்கலாம். நானே சொல்லியிருப்பன். இப்ப சொல்றன். ஓம், நான் குறட்டை விடுவன். அடுத்த வீட்டுக்கும் கேக்கும். ஓம், எனக்குச் சத்தம் கூட. பஞ்சு எண்டு எல்லாரும் சொன்னது நான் சொல்லிக் குடுத்தது. அது பொய். கோபம் வரும். வந்தா ஒருத்தரையும் கதைக்க விட மாட்டன். பல்லு மட்டும் சொந்தப் பல்லு."

யூஜீனியா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். தோள்கள் மெல்லக் குலுங்கின. அழுகிறார் என்று யாகப்பு நினைத்தார். ஆனாலும் விடவில்லை.

"உங்கட மகள்ட குடையை நான் பிடிச்சது பிழை. மன்னிப்புக் கேக்கிறன். நான் ஆரிட்டையும் மன்னிப்புக் கேட்டது கிடையாது. இது அந்தப் பிள்ளைக்காக. சுஜாந்தியில ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் நான்தான். என்னால அந்தச் சம்பந்தம் நிக்க வேணாம். கலியாணம் முடிஞ்ச அண்டைக்கே நான் கடற்கரை வாடிக் குடிசைக்குப் போயிடுவன். அங்க குறட்டை விட்டா கடலுக்குத்தான் கேக்கும்."

"ஐயா, அப்பிடியெல்லாம்..." என்று யூஜீனியா தொடங்கினார்.

"இன்னும் முடியல்ல. எங்கட கோயில்ல கொடி தூக்குற உரிமை எங்கட குடும்பத்துக்கு. அதை இன்னொருத்தன் தூக்கிறதைக் கண்ணால பாக்கிறதை விடச் சாகலாமெண்டு இருந்தன். அதையும் விடுறன். வரப்போற மாப்பிள்ளையே தூக்கட்டும். சபையில மனுவேலுக்கு முன்னால அவன்ட கையைப் பிடிச்சு நானே கூட்டிக்கொண்டு போய்க் கொடியைக் குடுப்பன். இதுக்கு மேல எங்கட குடும்பத்தில குடுக்கிறதுக்கு ஒண்டுமில்லை."

அவர் சொல்லி முடித்தார். ஜுனைதா சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். யூஜீனியா தலையைக் குனிந்திருந்தார். அவருடைய காதுகள் இரண்டும் சிவந்திருந்தன.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒருவரும் ஒரு பதில் சொல்லாதது யாகப்புவுக்கு மறுபடியும் கோபத்தை மூட்டியது. ஒரு மனிதன் தன் மானத்தை எடுத்து மேசையில் வைக்கிறான், இவர்கள் நிலத்தைப் பார்க்கிறார்கள்.

"எங்க பொடியன்? ஒளிச்சு வச்சிருக்கிறீங்களோ? கூப்பிடுங்க வெளிய! என்ட பிள்ளையைக் கட்டப்போறவன்ட முகத்தை நான் பாக்க வேணும்!"

அப்போது இளைய மகள் தேநீர்த் தட்டோடு உள்ளேயிருந்து வந்தாள். கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டி ஒலித்தன. அவள் தாயைப் பார்த்தாள், ஜுனைதாவைப் பார்த்தாள், கடைசியில் யாகப்புவைப் பார்த்தாள்.

"எங்கட வீட்டில பொடியன் ஒருத்தரும் இல்லையே ஐயா," என்றாள். "உங்கட சுஜாந்தி பொம்பிள கேட்டு வந்தது எங்கட அம்மாவை. மாப்பிள்ளை நீங்கதான்."